இழந்தவன் கைத் தண்ணீர்

தாழைமுனைக் கோயிலில் குரு சின்னவர், சீடர் பெரியவர்.

அகுஸ்தீன் சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. திண்டுக்கல் பக்கத்து மேட்டுக்காட்டில் பிறந்தவர். நீச்சல் தெரியாது. அலை காலைத் தொட வந்தாலே பின்வாங்கிவிடுவார், கடற்கரைப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். கயித்தானுக்கோ மீசை முழுக்க நரைத்துவிட்டது. அவர்தான் கோயில்பிள்ளை. மணி அடிப்பதும் மெழுகுதிரி ஏற்றுவதும் பூசையில் சாமிக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. எத்தனையோ சாமிமாரைப் பார்த்து அனுப்பியவர், போயும் போயும் இந்தச் சின்னச் சாமியிடம் சீடராக மாட்டிக்கொண்டார்.

எப்படி மாட்டினார் என்றால், ஒரு மத்தியானம் சாமிக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் சும்மா இல்லாமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"சாமி, தேவ அருள் தேவ அருள்ங்கோம். அப்படின்னா என்ன?"

சாமி தட்டிலிருந்த பொரித்த மீனில் நடுத்துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இது நான் கொண்டு வந்ததுல்லா?"

"ஆமா. உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"கடல்லேருந்து."

"சாப்பிடுங்க."

கயித்தான் சாப்பிட்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தார். மறுநாள் இன்னொரு கேள்வியோடு வந்து நின்றார். சாமி எதற்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. கயித்தானும் கேட்பதை விட்டதில்லை. கயித்தானின் மகன் கடலில் போகும்வரை இது இப்படியே நடந்தது.

பெலவேந்திரன் ஒரே மகன். தொம்மையின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு கார்த்திகை மாதக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. தொம்மை மட்டும் ஒரு காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி கரை ஒதுங்கினான். பையன் உடம்பு கிடைக்கவே இல்லை.

காய்ச்சல் விட்டு எழுந்து நடக்க முடிந்ததும் தொம்மை செய்த முதல் காரியம், கயித்தான் வீட்டு வாசலில் வந்து நின்றதுதான்.

"அண்ணே, வள்ளம் கவுந்ததும் கையில அகப்பட்டது அந்த ஒரு கேன்தான். அவனும் வந்து பிடிச்சான். ரெண்டு பேரை அது தாங்கல. நான் அவன் கையைத் தட்டி விட்டுட்டேன்."

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடல் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. ஊரே அவனுக்காகவும் சேர்த்து அழுதிருக்கும். ஆனால் சொல்லிவிட்டான். சொன்னதற்காக அவனை மதிக்கலாம் என்று கயித்தானுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. தோன்றாததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஊர்க்கூட்டம் கூடியது. ஊர்த்தலைவர் தல்மெய்தா தொம்மைக்கு விலக்கு சொன்னார்.

தாழைமுனையில் விலக்கு என்றால் கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது, எந்த வள்ளத்திலும் இடம் கிடையாது. செத்தால் மணி கிடையாது. பிணத்தைக் கல்லறைக்குச் சுமந்துபோகிற ஊர்ப் பெட்டியான தூம்பாவும் கிடையாது. விலக்கானவனுக்கு வேறு யாராவது தண்ணீர் கொடுத்தால் அவர்களுக்கும் விலக்கு. அதைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. யார் இழந்தாரோ அவர் தன் கையால் அவனுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மற்றபடி ஊர்த்தலைவராலும் முடியாது, ஆயர் வந்து சொன்னாலும் நடக்காது.

ஆக, தொம்மையின் உயிரை எடுத்துக் கயித்தான் கையில் கொடுத்துவிட்டது ஊர். கயித்தான் அந்தக் கையை மூடியே வைத்திருந்தார்.

தொம்மை எங்கேயாவது போய்ப் பிழைத்திருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பேசினதாகிவிடும். கரையில் மணலைத் தோண்டி ஊறுகிற உப்புத் தண்ணீரைக் குடித்தான். இடுப்பளவு கடலில் நின்று வீச்சுவலை போட்டு, கிடைத்ததைச் சுட்டுத் தின்றான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளியே மணலில் முழங்காலில் இருப்பான். சாமி வெளியே போய் அவன் நாக்கில் நற்கருணை அப்பமான நன்மையை வைத்துவிட்டு வருவார். அது சாமி காரியம், ஊர்க் காரியமில்லை என்று தல்மெய்தா அதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்.

அடுத்து வந்த தவக்காலத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்ற தொம்மையின் வலது காலில் திருக்கை மீனின் முள் குத்தியது. குத்தின இடம் வீங்கி, கறுத்து, சீழ் வைத்தது. தொம்மை வெளியே வருவது நின்றுபோனது. அவன் குடிசைப் பக்கமாகக் காற்றடித்தால் கோயில்வரைக்கும் வாடை வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் பிறந்தது. பெரிய வியாழனுக்காகக் கயித்தான் நாற்காலிகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இயேசுநாதர் சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து அன்றைக்குச் சாமி பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவுவது எல்லா ஊரிலும் உண்டு. தாழைமுனையில் அதில் ஒரு கூத்தும் உண்டு. பன்னிரண்டாவது நாற்காலி யூதாசுடையது, அதில் உட்கார்ந்தவனுக்கு அந்த வருடம் வலையில் ஒன்றும் படாது என்று ஊரில் ஒரு பயம். கடைசியாக வருகிறவன்தான் அதில் உட்கார வேண்டும். அதனால் வருடம் முழுக்கப் பூசை பாதியில் வந்து தூணில் சாய்கிறவன்கூட அன்றைக்கு வெயில் தாழும் முன்பே வந்து இடம் பிடித்துவிடுவான். காலையும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சிலர் பவுடரும் போட்டிருப்பார்கள். சாமி கழுவுகிற தண்ணீர் வைத்ததுபோலவே தெளிவாகத் திரும்பும்.

சாமி வந்து பக்கத்தில் நின்றார்.

"பன்னிரண்டாவது யாருக்கு?"

"வழக்கம்போலத்தான் சாமி. கடைசியா வாறவனுக்கு."

"இந்த வருஷம் தொம்மையைக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கால் கழுவுவது சாமி. குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றுவது கோயில்பிள்ளை. கயித்தானுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"நான்லா தண்ணி ஊத்தணும்."

"ஆமா."

"நான் ஊத்தினா விலக்கு தீந்துரும்."

"ஆமா."

"என்னை ஏமாத்தப் பாக்குதீங்க சாமி."

"ஆமா," என்றார் சாமி. கொஞ்சமும் கூசவில்லை.

கயித்தான் துணியை உதறி நாற்காலி முதுகில் போட்டார்.

"அவன் காலைப் பாத்தீங்களா?" என்று கேட்டார் சாமி.

"பாக்கல. வாடை வருது."

"ரொம்ப நாள் தாங்காது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். விலக்கு தீந்தா ஊரே தூக்கிட்டுப் போகும்."

"தீராட்டி?"

சாமி துணியை எடுத்து, துடைக்காமல் கிடந்த நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மகன் போனபிறகு கயித்தான் சாமியிடம் கேள்வி கேட்பதை விட்டிருந்தார். அன்றைக்குத்தான் மறுபடியும் வாயைத் திறந்தார்.

"யூதாசுக்கும் கால் கழுவினாரா சாமி?"

"கழுவினார்."

"காட்டிக் குடுப்பான்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

"கழுவலாம். அவருக்கென்ன? அவருக்குப் பிள்ளையா குட்டியா?"

"அவரோட அப்பாவுக்கு ஒரு பிள்ளை இருந்துச்சு."

கயித்தானுக்குக் கோபம் வந்தது.

"நானா இருந்தா கேனைக் குடுத்திருப்பேன் சாமி."

"யாருக்கு?"

"என் மகனுக்கு."

"எந்த அப்பனும் குடுப்பான். கேன் உங்க கையில. பக்கத்துல தத்தளிக்கிறது தொம்மை. குடுப்பீங்களா?"

கயித்தான் நாற்காலியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க குடுப்பீங்களா?" என்றார் கடைசியில்.

"எனக்கு நீச்சலே தெரியாது. ரெண்டு கையாலயும் தட்டி விட்டிருப்பேன்."

"அப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு என்கிட்ட கேக்குதீங்க?"

"அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுதான்," என்றார் சாமி. "இத்தனை நாளும் அவனுக்கு நன்மை குடுத்தேன். தண்ணி குடுக்கல. விலக்குக்குப் பயந்துட்டேன்."

கயித்தான் வீட்டுக்குப் போனார்.

அவர் மனைவி செலஸ்தீன் அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள். கடற்கரையில் பிறந்து, கடற்கரையில் வாக்கப்பட்டவள், மகன் போன நாளிலிருந்து மீன் தின்பதில்லை. என் பிள்ளையைத் தின்ன வாயை நான் எப்படித் தின்பேன் என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மீன் வாங்கவில்லை.

கயித்தான் சாமி சொன்னதைச் சொன்னார்.

அவள் பருப்பைக் கிண்டியபடியே கேட்டாள். கரண்டியைத் தட்டிவிட்டு வைத்தாள்.

"ஊத்துங்க," என்றாள். "ஊத்திட்டு அங்கேயே கிடங்க. இந்த வாசல்ல கால் வைக்காதீங்க."



பெரிய வியாழன் சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. பதினொரு நாற்காலியில் ஆட்கள் இருந்தார்கள். பன்னிரண்டாவதை யாருக்கும் விடக் கூடாது என்று சாமி சொல்லிவிட்டதால் அது காலியாகக் கிடந்தது. காலி நாற்காலியை யாரும் பார்க்கவில்லை, எல்லாருக்கும் அது மட்டும்தான் தெரிந்தது. கயித்தான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொம்மை வந்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததில் அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

சாமி இடுப்பில் துவாலை கட்டி, தட்டத்தோடு முழங்காலில் இறங்கினார். கயித்தான் ஊற்ற, சாமி கழுவினார். சோப்பு வாசனை. அடுத்த கால். பவுடர் வாசனை. பதினோராவது காலைத் துடைத்து முத்தமிட்டுவிட்டுச் சாமி எழுந்தார். காலி நாற்காலி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவழியாக நடந்து வாசலுக்குப் போனார். வாசலைத் தாண்டி வெளியேயும் போனார்.

கயித்தானும் குடுவையோடு பின்னால் போனார். போக வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. சாமி போனால் கோயில்பிள்ளை பின்னால் போவது காலுக்குப் பழகிப்போன காரியம்.

கூட்டம் கோயில் முற்றத்தோடு நின்றுகொண்டது. தல்மெய்தா மட்டும் இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"கயித்தான், யோசிச்சுச் செய்யும்," என்றார்.

முற்றத்துக்கு எதிரே சற்றுத் தள்ளி, கதவில்லாமல் திறந்து கிடந்த குடிசையில் தொம்மை பழைய வலைக்குவியல் மேல் கிடந்தான். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. வாடை மூக்கில் அறைந்தது. காலைச் சுற்றியிருந்த கந்தலைச் சாமி மெதுவாகப் பிரித்தார். உள்ளே இருந்ததைக் கயித்தான் பார்த்தார், பார்க்காமலும் இருந்தார். சாமி மணலில் உட்கார்ந்து அந்தக் காலைத் தட்டத்தின் மேல் ஏந்திப் பிடித்தார். பூசை உடுப்பெல்லாம் சீழ்.

"தண்ணி," என்றார்.

தொம்மை தலையைத் தூக்கினான்.

"அண்ணே, சாமி சொன்னாருன்னு ஊத்தாதீங்க. அதுக்குத்தான் நான் கோயிலுக்கு வரல. உங்களுக்கு மனசு வந்தா ஊத்துங்க. வராட்டி வேண்டாம்."

காலைப் பார்த்திருந்தால் கயித்தான் ஊற்றியிருக்கலாம். அவர் கண் போனது கைக்கு. வலையின் மேல் மல்லாந்து கிடந்தது தொம்மையின் வலது கை. ஐந்து விரலும் லேசாக விரிந்திருந்தன. அந்தக் கைதான். மகன் கடைசியாகத் தொட்டது அந்தக் கையைத்தான்.

குடுவை சாயவில்லை. சாய்க்கப் பார்த்தார், மணிக்கட்டு திரும்பவில்லை. குனிந்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அதை மணலில் வைத்தார்.

"என்னால ஆகல சாமி."

"சரி," என்றார் சாமி.

கோபமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. அது கயித்தானுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சாமி கையை நீட்டிக் குடுவையை எடுத்தார். முதலில் தொம்மையின் வாயில் ஊற்றினார். அவன் கண்ணை மூடி மடக்கு மடக்காகக் குடித்தான். மிச்சத் தண்ணீரில் காலைக் கழுவினார். தட்டத்துத் தண்ணீர் கறுத்துப்போனது.

முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தல்மெய்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாமிக்கும் விலக்கு," என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

அந்தக் காலத்தில் தாழைமுனைக்குப் பஸ்ஸும் இல்லை, போனும் இல்லை. சாமியிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதைக் குடிசை வாசலுக்குக் கொண்டுவந்து, தொம்மையைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்தார். அவன் சரிந்தான்.

"பின்னால உக்காந்து இவனைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்," என்றார் சாமி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

யாரும் அசையவில்லை. கயித்தானும் அசையவில்லை.

சாமி இடுப்பிலிருந்த துவாலையை அவிழ்த்தார். தொம்மையைத் தன் முதுகோடு சேர்த்து அதைக்கொண்டு இறுக்கிக் கட்டிக்கொண்டார். மணல் பாதையில் வண்டி ஆடி ஆடிப் போனது. தொம்மையின் தலை சாமியின் தோளில் கிடந்து துள்ளியது. வண்டி கண்ணுக்கு மறைந்தபிறகும் கயித்தான் அங்கேயே நின்றார்.

பிறகு கோயிலுக்குப் போய் நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். பன்னிரண்டாவதைத் தூக்கும்போது அதுவும் மற்றவை மாதிரிதான் கனத்தது.

பெரிய வெள்ளியன்று சாமி திரும்பவில்லை. ஊர் அதற்காகச் சிலுவைப் பாதையை நிறுத்தவில்லை. கோயில்பிள்ளைதான் நடத்தினார். இடம் இடமாக நின்று வாசித்து வந்தவர், சிலுவை சுமக்க முடியாமல் இயேசுநாதர் தள்ளாடியபோது வழியில் போன சீமோனைப் பிடித்துத் தூக்க வைத்த இடத்துக்கு வந்ததும் நின்றுபோனார். தெரியாத வாசகமில்லை, மனப்பாடம்தான். கூட்டம் காத்திருந்தது. பின்னாலிருந்து யாரோ பாட்டை எடுத்துவிட்டு அவரைக் காப்பாற்றினார்கள்.

சனிக்கிழமை காலையில் ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரன் வெளியூர்க்காரன், அவனுக்கு விலக்கு ஒன்றும் தெரியாது. வண்டியில் பாயில் சுற்றிய உடம்பு. பக்கத்தில் சாமி உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம், அழுக்கு அங்கி.

மணி அடிக்கவில்லை. ஆனால் அதற்கு விலக்கு காரணமில்லை. பெரிய வியாழன் பூசையோடு கட்டின மணியை உயிர்ப்புப் பூசையில்தான் அவிழ்ப்பார்கள், நடுவில் யார் செத்தாலும், ஆயரே செத்தாலும், மணி கிடையாது. விலக்கானவர்களில் மணிக்காகத் தலைகுனியாமல் போனவன் தொம்மை ஒருவன்தான். இதை நினைத்தபோது கயித்தானுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

தூம்பாவைக் கேட்கச் சாமி யாரிடமும் போகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கடல்பக்க மூலையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மண்வெட்டி எடுத்து அவரே தோண்டினார். கடலோர மணல் தோண்டத் தோண்டச் சரியும். பழக்கமில்லாத கை. தோண்டுவதும் சரிவதும் மறுபடி தோண்டுவதுமாக வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஊர் தன் வேலையைப் பார்த்தது. சாமிக்கு அன்றைக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டிய வீட்டிலிருந்து சாப்பாடு போகவில்லை.

கயித்தான் கோயில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரன் ஒரு முனையையும் சாமி மறுமுனையையும் பிடித்து உடம்பை இறக்கினார்கள். வண்டிக்காரன் போய்விட்டான். சாமி தனியாக நின்று செபம் சொன்னார். மறுமொழி சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு செபத்துக்கும் மறுமொழி வருகிற அளவுக்கு இடைவெளி விட்டு, அடுத்ததைச் சொன்னார். கயித்தானின் உதடு ஜன்னலுக்கு இந்தப்பக்கம் தானாக அசைந்தது.

அவர் வீட்டுக்குப் போனார். அடுப்படியில் செலஸ்தீன் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கயித்தான் செம்பை எடுத்தார். அவள் பார்த்தாள்.

"செத்துட்டானாமே," என்றாள்.

"ஆமா."

அவள் ஊற்று என்றும் சொல்லவில்லை, ஊற்றாதே என்றும் சொல்லவில்லை. பானைக்கு முன்னாலிருந்து தள்ளி உட்கார்ந்தாள். கயித்தான் மொண்டுகொண்டு கிளம்பினார்.

தெரு வழியாகத்தான் போனார். செம்பில் தண்ணீரோடு கோயில்பிள்ளை கல்லறைப் பக்கம் போவதைப் பார்த்த ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

சாமி மூடின குழியின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் கொப்புளம் வெடித்து, மண் ஒட்டி, ரத்தமும் மண்ணுமாக மடியில் கிடந்தன. கயித்தான் நின்றார். உட்காரத் தைரியம் வரவில்லை.

"எப்பம் சாமி?"

"நேத்து மத்தியானம். காலை எடுத்தாங்க. அதுக்கு மேலயும் ஏறிருச்சுன்னாங்க."

"வியாழக்கிழமைக்கு முந்தியே கொண்டுபோயிருந்தா?"

சாமி உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"என்னைப் பத்தி எதும் சொன்னானா?"

"இல்ல. கடைசியில நெனவு இல்ல. கையை மட்டும் நீட்டிக்கிட்டே இருந்தான். புடிச்சுக்கோ, புடிச்சுக்கோன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

"எந்தக் கையை?"

"வலது கையை."

கயித்தான் குழியின் அந்தப்பக்கம் மணலில் உட்கார்ந்துவிட்டார். செம்புத் தண்ணீர் அலம்பியது, சிந்தாமல் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் கேட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்தாலும் இப்போது கேட்கப்போவதற்கு ஈடாகாது என்று அவருக்குத் தெரிந்தது. கேட்கவும் பயமாக இருந்தது.

"அந்தக் கையை யாராவது பிடிச்சாங்களா சாமி?"

"நான் பிடிச்சேன். நான் பிடிச்சது அவனுக்குத் தெரியல. கடைசி வரைக்கும் நீட்டிக்கிட்டேதான் இருந்தான்."

காற்று மணலைக் கிளப்பிப் புதுமண் மேல் போட்டது. கயித்தான் செம்பைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். முகம் கோணியது. கிழவன் அழுவது பார்க்க நன்றாக இருக்காது, சாமி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாமி," என்றார் கயித்தான். "இனிமே ஊத்தினா ஆகுமா?"

சாமி திரும்பினார். மடியில் கிடந்த இரண்டு கையையும் குழிக்கு மேலே நீட்டினார்.

"அவன் மண்ணு இன்னும் என் கையிலதான் இருக்கு. ஊத்துங்க."